பெட்டியா, கொப்பியா, கோப்பையா?

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் என் தங்கை நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று மாசிக் கடைசியில் பேச்சு எழுந்தது. மூடியில் நீளத் துளை, பக்கத்தில் சின்னப் பூட்டு, முகப்பில் ‘உங்கள் கருத்துகளை இங்கே இடுங்கள்’ என்று மூன்று மொழிகளில் எழுத்து. தச்சரிடம் விலைகூடக் கேட்டு வைத்துவிட்டாள். சித்திரை கழிந்து கடல் தணிந்தால் நிலாவெளி வீதியில் வெளிநாட்டுக்காரர் நடமாட்டம் தொடங்கிவிடும். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள், புறாத்தீவுக்குப் படகேறப் போகிறவர்கள், கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டுப் பசியோடு திரும்புகிறவர்கள் என்று மற்றக் கூட்டமும் கூடும். அதற்குள் பெட்டி சுவரில் ஏறிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

“அண்ணா, நீங்கள் முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியவர். பெட்டி நல்லதா, கொப்பி நல்லதா? ஒன்றைச் சொல்லுங்கள், மற்றதை விட்டுவிடுகிறேன்” என்றாள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில் ஒன்றரை மாதம் இழுத்தது. காசு மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வழியையும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன்.

ஆசிரியர் கலாசாலையில் இதைப் பின்னூட்டல் என்று படித்தோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பின்னூட்டம் என்று வருகிறது. எப்படிச் சொன்னாலும் உள்ளே ‘ஊட்டு’ என்ற சொல் இருப்பதால் சாப்பாட்டுக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் கருத்துக் கேட்பது வேறு, பின்னூட்டல் வேறு. ஒரு வேலையின் விளைவு, அந்த வேலையைச் செய்த இடத்துக்கே திரும்பிப் போய், அடுத்த முறை செய்வதை மாற்ற வேண்டும். மாற்றினால்தான் அதற்குப் பின்னூட்டல் என்று பெயர். மாற்றாவிட்டால் அது வெறும் செய்தி.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உதாரணம் ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் பொருத்திய இரண்டு குண்டுகள். எந்திரம் வேகமாகச் சுழன்றால் குண்டுகள் விரிந்து நீராவி வரும் வழியைச் சுருக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து வழி திறக்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டியதில்லை. இது தணிக்கும் வகை. இன்னொரு வகை இருக்கிறது. அதைத் திருவிழாவில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறோம். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால், பெருக்கியில் வந்த சத்தம் வாங்கிக்குள் போய், மறுபடி பெருகி, மறுபடி உள்ளே போய், ஒரு நொடியில் ‘கூ’ என்று வீறிடும். அதுவும் பின்னூட்டல்தான், வளர்க்கும் வகை. கடைக்கு இரண்டும் நடக்கும். எது எந்த வழியில் நடக்கிறது என்று தெரியாமல் பெட்டிக்குக் காசு கொடுக்கக் கூடாது.

கொப்பியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே இருந்தது. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றைப் போன வருடமே தங்கை வாசலில் நூலில் கட்டிய பேனையோடு வைத்திருந்தாள். எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். முதல் பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் ‘மிக இனிமையான குடும்பம்’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஆறு பேர் அதே இனிமையான குடும்பத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் சிங்களத்தில் ஒருவர் ‘மீன் நல்லது’ என்று தொடங்கி வைக்க, பிறகு வந்தவர்கள் எல்லோரும் மீனைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். மேலே இருப்பதை வாசிக்காமல் யாரும் கீழே எழுதுவதில்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்த ஒலிவாங்கி மாதிரி, ஒரு புகழ் அடுத்த புகழைக் கூட்டிக்கொண்டே போகிறது. இதில் சொதி ஒரு நாள் கைத்ததா, இடியப்பம் காய்ந்திருந்ததா என்பதெல்லாம் எப்படித் தெரியும்?

தெரிந்தாலும் யாருக்குத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. எங்கள் சமையலுக்கு வருகிற அக்கா தம்பலகாமத்துக்காரி. தமிழ் மட்டும் வாசிப்பார், அதுவும் கண்ணாடி இருந்தால்தான். கொப்பியில் பாதிக்கு மேல் ஆங்கிலமும் சிங்களமும். ஆக, சமையலைப் பற்றி எழுதப்பட்ட எதுவும் சமைக்கிறவருக்குப் போகவில்லை. தங்கை கிழமைக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும்போது வாசித்து, நினைவிருந்தால் சொல்லுவாள்.

அப்படிச் சொன்னதால் வந்த வினையை நேரில் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்ட ஒருவர் ‘சொதியில் உப்புக் கூட’ என்று தமிழிலேயே எழுதிவிட்டுப் போனார். உண்மைதான். புதிதாகப் பிரித்த உப்புப் பக்கற் தூளாக இருந்ததால் அதே கரண்டி அளவில் உப்பு அதிகம் ஏறிவிட்டது. அக்கா அன்று பின்னேரமே சுவை பார்த்து, செவ்வாய் காலையிலிருந்து அளவைக் குறைத்துவிட்டார். சனிக்கிழமை தங்கை கொப்பியை வாசித்துவிட்டு, “அக்கா, சொதிக்கு உப்பைக் கொஞ்சம் குறையுங்கள்” என்றாள். முதலாளி சொன்னால் மறுத்துப் பேசுகிற பழக்கம் அக்காவிடம் இல்லை. ஞாயிறு சொதி வெறும் தேங்காய்த் தண்ணீர். அன்று இரண்டு பேர் வாயால் சொன்னார்கள். திங்கள் மறுபடி கரித்தது. ஒரு கிழமை முழுக்க உப்பு ஊஞ்சல் ஆடியது. எந்திரங்களுக்கும் இந்த வியாதி உண்டு. வாட்டின் குண்டுகளைப் பொருத்திய எந்திரங்கள் சில, ஒரு வேகத்தில் நிலைக்காமல் கூடுவதும் குறைவதுமாகத் தவித்தன. இத்தகைய கருவி எப்போது நிலைக்கும், எப்போது ஆடும் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1868இல் கணிதமாகவே எழுதிக் காட்டினார். திருத்தம் பிந்தி வந்தால் ஆட்டம் வரும் என்பதை எங்கள் சொதிக்கு மக்ஸ்வெல்லே வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தங்கையிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். ஆசிரியப் புத்தி.

கொப்பியை வாசித்தபோது என் பழைய கொப்பிகள்தான் நினைவுக்கு வந்தன. எத்தனை ஆயிரம் தடவை ‘நன்று’, ‘முயற்சி போதாது’ என்று எழுதியிருப்பேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிந்தித்தான் படித்தேன். பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதியினருக்கு எப்படித் திருத்துவது என்ற குறிப்பு மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் கிடைத்தவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் கிடைத்தவர்கள் புள்ளியைப் பார்த்தார்கள். குறிப்பின் பயன் போய்விட்டது. குளூகர், டெனிசி என்ற இருவர் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து எடுத்த 607 முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பின்னூட்டல் சராசரியில் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் செயலைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது போகப் போகப் பயன் குறையும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ‘மிக இனிமையான குடும்பம்’ ஆளைப் பற்றியது. ‘சம்பலுக்குத் தேசிக்காய் காணாது’ என்பது வேலையைப் பற்றியது. முன்னதை வாசித்தால் தங்கை அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருப்பாள். பின்னதை வாசித்தால் சம்பல் திருந்தும்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தச்சரிடம் போகுமுன் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் துளையிட்டு இரண்டு கிழமை வைத்துப் பார்த்தோம். ஒரு குழந்தை வரைந்த மீன், கிழித்த லொத்தர் சீட்டு, ‘அருமை’ என்று ஒரு துண்டு, மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று ஒரு துண்டு. மின்விசிறிக்கு அன்றே எண்ணெய் விட்டோம்; அந்த அளவில் டின்னுக்கு நன்றி. பெட்டியின் பலம் எழுதியவர் யார் என்று தெரியாமல் இருப்பது. பயந்து வாய் மூடியிருப்பவர்களுக்கு அது பெரிய காரியம். சாப்பிட வருகிறவருக்குப் பயம் இல்லை, கூச்சம்தான். கூச்சம் உள்ளவர் பேனை எடுத்து எழுதிக்கொண்டு நிற்க மாட்டார். பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடுவார்.

கைத்தொலைபேசி வரைபடத்தில் நட்சத்திரம் போடுவது மூன்றாவது வழி. மச்சான் இதன் கட்சி. வெளிநாட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், ஆகவே அது வேண்டும் என்றார். வேண்டும்தான், ஆனால் பெயர்ப்பலகை வேண்டும் என்பதுபோல வேண்டும். அந்த எழுத்து அடுத்து வரப்போகிறவருக்கு எழுதியது, அடுப்படிக்கு எழுதியதல்ல. அதிலும் மனம் குளிர்ந்தவரும் கொதித்தவரும்தான் எழுதுவார்கள், நடுவில் இருக்கும் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் உறைப்புத் தாங்கவில்லை என்று இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். ஒரு கிழமை கழித்து இன்னொருவர், வெளிநாட்டவருக்கென்று உறைப்பைக் குறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று மூன்று போட்டிருந்தார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி இரண்டரை என்று வைத்துக்கொண்டு அக்கா எத்தனை செத்தல் மிளகாய் இடிப்பது?

வாட்ஸ்அப்பை நான் முதலில் எள்ளி நகையாடினேன். பிறகு மனம் மாறினேன். பக்கத்துக் கந்தோர்களில் இருந்து மத்தியானச் சோற்றுப் பார்சலுக்குச் சொல்லிவிடுகிறவர்கள் ஏற்கெனவே அதில்தான் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு, ஒன்றரை மணிக்கு, “இன்றைக்குப் பருப்பு நல்ல பதம், கத்தரிக்காய் எண்ணெய்” என்று குரல்செய்தி வரும். அதை அப்படியே அடுப்படிக்குக் கொண்டுபோய் அக்காவுக்குப் போட்டுக் காட்டலாம். வாசிக்கக் கண்ணாடி வேண்டாம், நடுவில் தங்கையின் நினைவாற்றலும் வேண்டாம். இரவுச் சமையல் தொடங்குமுன் விளைவு சமைத்தவருக்குப் போய்விடுகிறது. குறை இரண்டு. காலை வணக்கப் படங்களுக்கும் கோயில் அறிவித்தல்களுக்கும் நடுவில் கத்தரிக்காயைத் தேட வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் சிலருக்குப் பருப்பைப் பற்றி ஞாபகம் வரும். இலக்கம் தெரியாத புதியவர்களுக்கு இந்த வழியே இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

வாய்விட்டுக் கேட்பதுதான் மிகவும் இலகுவானது என்று நினைத்தேன். ஒரு கிழமை நானே மேசை மேசையாகப் போய், “சாப்பாடு எப்படி?” என்று கேட்டேன். பத்தில் எட்டுப் பேர் “பரவாயில்லை” என்றார்கள். எங்கள் பரவாயில்லைக்கு எத்தனை பொருள் என்று அந்தக் கிழமைதான் எண்ணிப் பார்த்தேன். தலையை ஆட்டி, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னால் நல்ல சாப்பாடு. நிமிர்ந்து பார்த்து, ஒரு விநாடி தாமதித்துச் சொன்னால் ஏதோ குறை, ஆனால் உங்களிடம் சொல்ல விருப்பமில்லை. ‘பரவாஆயில்லை’ என்று நடுவில் இழுத்தால் நாளைக்கு வரமாட்டார். இந்த வேறுபாடு எந்தப் பெட்டியிலும் விழாது, எந்தக் கொப்பியிலும் ஒட்டாது.

கேள்வியை மாற்றியதும் பதில் மாறியது. “உப்புக் காணுமா?” என்று கேட்டால் காணும், காணாது, கூட என்று மூன்றில் ஒன்றுதான் வர முடியும். “குழம்பு இன்னும் கொஞ்சம் விடவா?” என்று கேட்டால், வேண்டாம் என்கிற வேகத்திலேயே குழம்பின் தரம் தெரிந்துவிடும். கேட்கிற ஆளை மாற்றியதும் இன்னும் மாறியது. மூதூரிலிருந்து வந்து எங்களிடம் பரிமாறுகிற பையன் ஒருவன் இருக்கிறான். முதலாளியிடமும் நரைத்த தலை மாஸ்டரிடமும் சொல்லாததை அவனிடம் சொல்கிறார்கள். “தம்பி, இந்தப் பாரை மீன் நேற்று வந்ததா, முந்தாநாள் வந்ததா?” என்று ஓட்டோக்காரர் ஒருவர் அவனிடம்தான் கேட்டார். என்னிடம் அவர் சொன்னது பரவாயில்லை.

இனிக் கோப்பை. தட்டைத்தான் நாங்கள் கோப்பை என்கிறோம். சாப்பிட்டு எழுந்தவர் கோப்பையில் என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார் என்பதைவிட நேர்மையான பின்னூட்டல் ஒன்றை நான் பார்த்ததில்லை. இதைக் கண்டுபிடித்தது நானல்ல, அந்தப் பையன்தான். “மாஸ்டர், பூசணிக்காய் வைக்கிற நாளில் வாளி பாரமாக இருக்கும்” என்றான். போய் நின்று பார்த்தேன். சோறு வழித்துத் துடைத்தது மாதிரி. மீன் முள் ஓரத்தில். கறிவேப்பிலை ஒதுக்கியது, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பூசணிக்காய் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி. பன்னிரண்டு கோப்பையில் ஒன்பதில் அப்படி. இந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கொப்பியில் எழுதவில்லை, என்னிடம் சொல்லவில்லை. இரண்டு மாதமாகக் கிழமைக்கு இரண்டு நாள் பூசணிக்காய் சமைத்து வாளியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனால் கோப்பைக்கு வாய் இல்லை. எது பிடிக்கவில்லை என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. வெளிநாட்டுக்காரர் பாதிச் சோற்றை விட்டுவிட்டுப் போனால் அது சுவைக் குறையல்ல; நாங்கள் வைக்கிற சோறு அவருக்கு இரண்டு நேரத்துக்குப் போதும். பூசணிக்காய்க்குக் காரணம் தெரிய, பையனைக் கொண்டு இரண்டு மூன்று பேரிடம் வாயால் கேட்க வேண்டியிருந்தது. இனிப்பு என்றார் ஒருவர். குழைந்துவிட்டது என்றார் இன்னொருவர். பார்சல் கட்ட வேண்டும் என்பதற்காகப் பத்து மணிக்கே இறக்கிய கறி ஒரு மணிக்குக் களியாகிவிடுகிறது. பூசணிக்காயில் பிழை இல்லை, நேரத்தில்தான் பிழை.

கோப்பை வழிக்கு ஒரு செலவும் உண்டு. கழுவுகிற வேலை குறையட்டும் என்று தங்கை மத்தியானங்களில் கோப்பைக்கு மேல் லஞ்ச் சீற் விரிக்கிறாள். 2017இல் பொலித்தீன் சீற் தடையான பிறகு உக்கும் வகை என்று சொல்லி விற்பதைத்தான் வாங்குகிறாள். சாப்பிட்டவர் எழும்பும்போது அதை நாலாக மடித்துத் தானே கூடையில் போட்டுவிடுவார். நல்ல பழக்கம். ஆனால் சாட்சியத்தையும் சேர்த்து மடித்துக்கொண்டு போய்விடுகிறார். மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சீற் இல்லாமல் பரிமாற வேண்டும். அதற்குத் தண்ணீரும் கழுவ ஒரு கையும் கூட வேண்டும். தங்கை இந்த இடத்தில் முகத்தைச் சுளித்தாள். கடைசியில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சீற் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். கிழமையில் இரண்டு நாள் பார்த்தாலே போதும், வாளி பொய் சொல்லாது.

ஆகவே நான் சொன்ன முடிவு இதுதான். செவ்வாயும் வெள்ளியும் பையன் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, மத்தியானம் இரண்டரைக்கு அடுப்படியில் அக்காவிடம் நேரே சொல்ல வேண்டும். நடுவில் தங்கையும் வேண்டாம், நானும் வேண்டாம். ஏன் என்று தெரியாதவற்றை அவனே அடுத்த நாள் காணுமா, காணாதா என்ற பாணியில் இரண்டு பேரிடம் கேட்கட்டும். பார்சல்காரருக்கு வாட்ஸ்அப், பகல் நாலு மணி வரை மட்டும். நட்சத்திரங்களுக்கு மச்சான் பொறுப்பு, மரியாதையாகப் பதில் எழுதுவதோடு சரி. கொப்பி வாசலிலேயே இருக்கட்டும். விருந்தாளிக்கு நன்றி எழுத ஓர் இடம் வேண்டும், அதை வாசித்துத் தங்கை சிரிப்பதிலும் நட்டமில்லை.

பெட்டியைத் தச்சரிடம் செய்விக்க வேண்டாம், அந்த பிஸ்கட் டின்னே போதும் என்றேன். ஆனால் வாசலில் அல்ல, அடுப்படிக்குப் பின்னால், வேலை செய்கிறவர்கள் கை கழுவுகிற இடத்தில். இந்தக் கடையில் வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தங்கைக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. “என்னைப் பற்றி எழுதிப் போடுவார்கள்” என்றாள். “அதற்குத்தானே” என்றேன்.

முதல் கிழமை டின் வெறுமையாக இருந்தது. இரண்டாம் கிழமை ஒரேயொரு துண்டு, பில் புத்தகத்திலிருந்து கிழித்தது. ‘மாஸ்டர் வாளிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதால் சாப்பிடுகிறவர்கள் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் கஷ்டப்பட்டு விழுங்குகிறார்கள். கோப்பைகள் இப்போது சும்மா சுத்தமாக வருகின்றன.’

தங்கை அதை என்னிடம் நீட்டிவிட்டு, பேசாமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். முப்பது வருடம் கையெழுத்துப் பார்த்தவனுக்கு அது யாருடையது என்று தெரியாமல் போகாது. ‘ற’வின் வால் மூதூர்ப் பக்கம் நீண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில், கொப்பிக்குப் பக்கத்தில் போட்டேன்.